அடிமண்ணை எவ்வளவு மாற்றுவது?

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இரண்டிலும் கைப்பொருள் கரையும் என்பது மட்டும் அதன் பொருளன்று. இரண்டிலும் தொடக்கத்தில் எடுக்கும் முடிவைப் பின்னாளில் திருத்துவது அரிது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. சுவரின் வண்ணம் பிடிக்கவில்லையென்றால் மறு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். கதவு ஒத்துவரவில்லையென்றால் தச்சரை அழைக்கலாம். அஸ்திவாரத்துக்கு அடியில் கிடக்கும் மண்ணை மட்டும் வீடு எழுந்த பின் மாற்றுவது எளிதன்று.

அத்தகைய மண்ணைப் பற்றிய முடிவோ, பெரும்பாலும் ஒரே காலைப் பொழுதில், வானம் தோண்டிய குழியின் ஓரத்தில் நின்றபடியே எடுக்கப்படுகிறது. "மூன்றடி மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் அடித்தால் போதும்" என்கிறார் கொத்தனார். "ஐந்தடியாவது எடுக்க வேண்டும்" என்கிறார் ஒப்பந்தக்காரர். "நாங்கள் ஒரு கூடை மண்ணைக் கூட மாற்றவில்லை, வீடு நன்றாகத்தானே நிற்கிறது?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குடும்பத் தலைவர் கையிலுள்ள பணத்தை மனத்துக்குள் எண்ணிப் பார்த்து, எல்லாருக்கும் நடுவான ஓர் அளவைச் சொல்லிவிடுகிறார். நால்வரில் ஒருவரும் மண்ணைக் கேட்கவில்லை.

மாற்ற வேண்டிய ஆழத்தை மண்ணே சொல்ல வேண்டும். அதனிடம் கேட்கும் முறைகள் உண்டு. அவை எளியவை; ஒரு நல்ல கதவு வாங்கும் செலவில் முடிபவை. அவற்றைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது நலம்.

எல்லா மண்ணும் ஒரு மண்ணன்று

அடிமண்ணை மாற்றுவதற்குக் காரணங்கள் பல. காரணத்துக்கு ஏற்பவே அளவும் அமையும்.

முதலாவது, மேல்மண். புல்லும் வேரும் மட்கிய இலையும் கலந்த இந்த மண் பயிருக்கு உயிர், சுவருக்குப் பகை. வேர்கள் மட்கியபின் அவை இருந்த இடம் வெற்றிடமாகும். வழக்கமாக அரை அடியிலிருந்து ஓரடிவரை இதை எடுத்தாலே போதும். எந்த மனையானாலும் இதை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, கொட்டிய மண். பழைய குட்டை, செங்கல் சூளைப் பள்ளம், தூர்ந்த கிணறு, வாய்க்கால் ஆகியவற்றைச் சவுடும் இடிபாடும் குப்பையும் கொண்டு நிரப்பி மனையாக விற்பது இன்று பெருகிவிட்டது. மேலே பார்த்தால் சமதளம். கீழே என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இத்தகைய மண்ணில் ஆழத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கொட்டியது முழுவதையும் எடுக்க வேண்டும். அல்லது அஸ்திவாரத்தை அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாதியை எடுத்துப் பாதியை விட்டுவைப்பது, பாதிக் கடனைத் தீர்த்துவிட்டு நிம்மதியாக உறங்குவது போன்றது.

மூன்றாவது, மென்களிமண். காவிரிப் படுகையிலும், கடற்கரை ஓரங்களிலும், சென்னைப் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களின் அருகிலும் இதைக் காணலாம். சுமை ஏறினால் இது மெல்ல மெல்ல அமுங்கும். இன்று தொடங்கிய அமுக்கம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

நான்காவது, கரிசல். கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரங்களிலும், கோவைப் பகுதியிலும் பரந்து கிடப்பது. பருத்திக்கு இது தாய்மடி. வீட்டுக்கோ, வளர்ப்பதற்கு அரிதான பிள்ளை. 'மாண்ட்மோரில்லனைட்' என்னும் களிமண் கனிமம் மிகுந்திருப்பதால் இம்மண் நீரைக் குடித்து உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதைக் கவனிக்க வேண்டும். மென்களிமண்ணில் வீடு கீழே இறங்குகிறது. கரிசலிலோ வீடு மேலே தூக்கப்படுகிறது. இறங்கும் வீட்டின் விரிசல் நாளுக்கு நாள் வளரும். கரிசல் வீட்டின் விரிசல் ஐப்பசி மழையில் ஒரு விதமாகவும் சித்திரை வெயிலில் ஒரு விதமாகவும் திறந்து மூடும். புது வீட்டை மந்திரித்து ஓராண்டு ஆவதற்குள் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு ஓடுகிறதென்றால், அது எவ்வகை என்று அறியாமல் சிமெண்டுப் பால் பூசி மறைப்பது பயன் தராது.

கிணறும் குழியும் கூறும் சாட்சி

மண்ணைக் கேட்பதற்கு முதல் வழி, அக்கம்பக்கத்தில் உறை போடாத கிணறு இருந்தால் அதை எட்டிப் பார்ப்பது. எத்தனை அடிவரை கரிசல், எங்கே சுக்கான், எங்கே சரளை, எங்கே பாறை என்று கிணற்றின் சுவர் படம் போலக் காட்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் எதுவரை ஏறுகிறது என்பதையும் அவ்வீட்டாரிடம் கேட்டறியலாம்.

இரண்டாவது வழி, நம் மனையிலேயே சோதனைக் குழி தோண்டுவது. சிறிய கட்டடத்துக்கு மனையின் நடுவில் ஒரு குழி போதும் என்றும், பெரிய மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் குழிகள் வேண்டும் என்றும் இந்தியத் தர நிர்ணய விதிகள் கூறுகின்றன. கொட்டிய மண் என்ற ஐயம் இருந்தால், சிறு மனையிலும் இரண்டு மூன்று குழிகள் தோண்டுவதே நல்லது. ஒரு மூலையில் கெட்டி மண்ணும் மறு மூலையில் பழைய குட்டையும் இருந்தால், நடுக்குழி நமக்குப் பொய் சொல்லிவிடும். அஸ்திவாரம் அமையப்போகும் மட்டத்துக்குக் கீழே, அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம்வரையேனும் பார்ப்பது முறை. மூன்றடி அகல அஸ்திவாரம் நான்கடி ஆழத்தில் அமைவதாயின், எட்டரை அடிவரை மண்ணை அறிந்துகொள்ள வேண்டும்.

குழியில் இறங்கியதும் கையும் கண்ணும் பல செய்திகளைத் தரும். வேர் எதுவரை போயிருக்கிறது? கோடை முடிவில் வெடிப்பு எதுவரை இறங்கியிருக்கிறது? ஒரு மெல்லிய குச்சியை விட்டு அளந்து பாருங்கள். ஈரமான களிமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். நகம் மட்டுமே பதியும் மண் நல்ல சுமை தாங்கும். ஓரளவு அழுத்தியதும் விரல் பதிந்தால் அது மென்களிமண். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் சுமையே அதற்குத் தகும். விரல் பல சென்டிமீட்டர் உள்ளே புகுந்தால் 5 டன் தாங்குவதே பெரிது. இவை முதல் மதிப்பீட்டுக்கான அளவுகள் மட்டுமே. முடிவான அளவைச் சோதனைச் சாலைதான் கூற வேண்டும். பொறியியற் கல்லூரிகள் பலவற்றில் இச்சோதனைகளைச் செய்து தருகின்றனர்.

மண்ணெண்ணெய்ச் சோதனை

கரிசலின் குணத்தை அறிய அழகியதொரு சோதனை உண்டு. காய வைத்துச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்வர். அளவுக் கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒன்றில் தூய நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி, மண்ணை அவற்றில் இட்டு 24 மணி நேரம் விட்டுவைப்பர். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை, நீரில் உப்பும். நீரில் கிடந்த மண் எத்தனை சதவீதம் கூடுதலாக இடத்தை அடைத்திருக்கிறது என்பதே அதன் உப்பும் அளவு. 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அச்சம் குறைவு. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100 முதல் 200 வரை மிகுதி. 200-க்கு மேல் போனால் மிக மிக அதிகம்.

இந்த ஓர் எண் கையில் இருந்தால், 'மூன்றடியா, ஐந்தடியா' என்ற வாதம் பாதி அடங்கிவிடும். 40 சதவீதம் உப்பும் மண்ணுக்காக லாரி லாரியாகச் சரளை இறக்குவது வீண்செலவு. 150 சதவீதம் உப்பும் மண்ணில் பக்கத்து வீட்டாரின் சொல்லை நம்பி ஒன்றும் செய்யாதிருப்பது அதைவிடப் பெரிய செலவு.

மென்மண்ணுக்குச் சுமைக் கணக்கு

மண் மென்மையானது, ஆனால் உப்பாதது என்று தெரிந்தால், ஆழத்தைச் சுமைதான் முடிவு செய்யும். அஸ்திவாரத்தின் அடியில் சுமை கூரைபோல் விரிந்து பரவுகிறது. இரண்டு பங்கு ஆழம் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு பங்கு விரிவதாகக் கொள்வது பொறியாளர் வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சுவரின் ஒரு மீட்டர் நீளம் 6 டன் சுமையை இறக்குகிறது; அஸ்திவாரத்தின் அகலம் 1 மீட்டர். அப்படியானால் அடியில் சதுர மீட்டருக்கு 6 டன் அழுத்தம். அங்குள்ள மண்ணோ 4 டன்தான் தாங்கும். அஸ்திவாரத்துக்குக் கீழே 50 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அந்த மண்ணை எடுத்து, நல்ல மண்ணை இறுக்கி நிரப்பினால், சுமை இரு பக்கமும் 25 சென்டிமீட்டர் விரிந்து, 1.5 மீட்டர் அகலத்தில் பரவும். 6 டன்னை 1.5-ஆல் வகுத்தால் 4 டன். மண் தாங்கிக்கொள்ளும். இங்கே மாற்ற வேண்டிய ஆழம் 50 சென்டிமீட்டர். எதிர்பாராத குறைகளுக்காகச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அதே வீட்டின்மேல் மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அக்கணக்கை இன்றே போட வேண்டும். 'மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது மண்ணிடம் செல்லாத சொல்.

இக்கணக்கிலிருந்து மற்றொரு பாடமும் பெறலாம். சுமை பக்கவாட்டில் விரிவதால், நிரப்பும் நல்ல மண்ணும் அஸ்திவாரத்தைவிட அகலமாக இருந்தாக வேண்டும். சுவரளவுக்கே குறுகலாகத் தோண்டி ஆழமாக நிரப்புவதைப் பலவிடங்களில் காண்கிறோம். அங்கே சுமையின் ஓரங்கள் பழைய மென்மண்ணின்மீதே விழுகின்றன. ஆழத்துக்குச் செலவழித்த பணம் அகலத்தில் கோட்டை விடப்படுகிறது.

கரிசலுக்கு ஈரக் கணக்கு

கரிசலில் கணக்கு வேறு. அங்கே சுமையன்று, ஈரமே ஆழத்தை முடிவு செய்கிறது. மழைக்கும் கோடைக்கும் இடையே ஈரம் ஏறி இறங்கும் ஆழம்வரைதான் மண் அசையும்; அதற்குக் கீழே அது அமைதியாகக் கிடக்கும். ஆழமான கரிசல் நிலங்களில் இந்த அசையும் எல்லை ஏறத்தாழ 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி என்று கொண்டே நம் நாட்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

சில கரிசல் மண்கள் சதுர மீட்டருக்கு 20, 30 டன்கூட மேல்நோக்கி உந்த வல்லவை. ஓரடுக்கு வீட்டின் சுவரோ 5, 6 டன்தான் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே பல மாடிக் கட்டடத்தை அசைக்காத கரிசல், சிறிய வீட்டைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடும். 'சின்ன வீடுதானே, இதற்கு என்ன அஸ்திவாரம்?' என்னும் எண்ணம் கரிசற்காட்டில் தலைகீழானது. எளிய குடும்பத்தின் எளிய வீட்டுக்குத்தான் அங்கே அதிகக் கவனம் தேவை.

பதினொன்றரை அடி மண்ணையும் மாற்றிவிட முடியுமா? எளிய குடும்பத்துக்கு அது ஆகிற காரியமன்று; தேவையுமில்லை. மூன்று வழிகள் உள்ளன.

கரிசல் நான்கைந்து அடியோடு முடிந்து, கீழே சுக்கானோ சரளையோ பாறையோ இருந்தால், கரிசல் முழுவதையும் தாண்டி அஸ்திவாரத்தை அந்தக் கெட்டி மண்ணில் அமர்த்திவிடலாம். இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. இதை அறிவதற்கே முன்சொன்ன கிணறும் குழியும் உதவுகின்றன.

கரிசல் ஆழமாக ஓடினால், இரண்டாவது வழி பகுதி மாற்றம். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராயிருந்த ஆர். கே. கட்டி, 1970-களில் இதைப்பற்றி விரிவாக ஆராய்ந்தார். ஓரளவு ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் உப்பாத மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு மேலே இறுக்கிப் போட்டால், கீழேயுள்ள கரிசலின் உப்பல் பெரிதும் அடங்குவதை அவர் கண்டறிந்தார். செம்மண் கலந்த சரளை இதற்குப் பொதுவாக ஏற்றது. இம்முறையில் சுவரின் கீழ் மட்டுமன்றித் தரையின் கீழும் மாற்ற வேண்டும். சுவரை விட மிக இலேசானது தரை. கரிசல் அதைத்தான் முதலில் தூக்கும். சுவர்களெல்லாம் நேராக நிற்க, நடு அறைத் தரை மட்டும் அப்பம் போல் உப்பி நிற்கும் வீடுகளை அப்பகுதியினர் அறிவர்.

மூன்றாவது வழி, மண்ணை மாற்றாமலே அசையும் எல்லையைத் தாண்டிச் செல்வது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த 'அண்டர் ரீம்டு பைல்' என்னும் முறை அது. கைத்துளைப்பானால் குறைந்தது 3.5 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் தண்டின் குறுக்களவைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குமிழ் போலக் குடைந்து, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புவர். மேலே அவற்றை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சில அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். மண் உப்பினாலும் வீட்டைத் தொடாது. லாரி லாரியாக மண் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால், ஆழக் கரிசலில் இதுவே சிக்கனமாக அமைவதுண்டு. ஆகவே 'எவ்வளவு மாற்றுவது?' என்னும் கேள்விக்கு 'ஒன்றும் மாற்ற வேண்டாம்' என்பதும் சரியான விடையாகலாம்.

மணல் நல்லது, ஆனால் எங்கே?

எடுத்த மண்ணுக்குப் பதிலாக எதைப் போடுவது? பலர் மணலைக் கூறுவர். நீர் வடியும் நிலத்தில் மணல் நல்லதே. கரிசலிலோ அது நம்மை ஏமாற்றக்கூடும். சுற்றிலும் நீர் கசியாத களிமண். நடுவே மணல் நிரப்பிய குழி. மழை பெய்தால் அக்குழி தொட்டியாகிவிடும். மணலின் இடுக்குகளில் தேங்கிய நீரைச் சுற்றிலுமுள்ள கரிசல் நிதானமாகக் குடித்து உப்பும். வீட்டைக் காக்கப் போட்ட மணலே வீட்டுக்கு அடியில் நீரைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமாகிவிடுகிறது. நீர் வடிந்தோட வழி செய்யாமல் கரிசற் குழியில் வெறும் மணலை நிரப்பலாகாது.

குளத்து வண்டலை மலிவாகக் கிடைக்கிறதென்று நிரப்புவோர் உண்டு. வண்டல் வயலுக்கு உரம். அஸ்திவாரத்துக்கு அது நாம் எடுத்தெறிந்த மண்ணின் உடன்பிறப்பு. குப்பை, மரத்துண்டு, பிளாஸ்டிக் கலந்த இடிபாடுகளும் ஆகா.

ஓரடி கூடினால் எவ்வளவு கூடும்?

நம் பகுதிகளில் மண்ணை 'யூனிட்' கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு வீட்டின் சுவர்கள் அனைத்தையும் சேர்த்தால் 160 அடி நீளம் எனக் கொள்வோம். அஸ்திவாரத்தின் அகலம் மூன்றடி. அதன்கீழ் இரண்டடி ஆழம் மாற்றினால், விரிவுக்காகப் பக்கத்துக்கு ஓரடி கூட்டி ஐந்தடி அகலம் வேண்டும். 160-ஐ 5-ஆலும் 2-ஆலும் பெருக்க, 1,600 கன அடி. அதாவது 16 யூனிட்.

அதையே மூன்றடி ஆழமாக்கினால்? அகலமும் ஆறடியாகும். 160-ஐ 6-ஆலும் 3-ஆலும் பெருக்க 2,880 கன அடி. ஏறத்தாழ 29 யூனிட். ஆழம் ஓரடிதான் கூடியது. மண்ணோ இரு மடங்கை நெருங்கிவிட்டது. 30-க்கு 40 அடி வீட்டின் அடியை முழுவதுமாக, சுற்றிலும் மூன்றடி விளிம்போடு, மூன்றடி ஆழத்துக்கு மாற்றினால் 50 யூனிட் வேண்டும். இவையெல்லாம் இறுகிய பின் இருக்க வேண்டிய அளவு. லாரியில் வருவது தளர்ந்த மண். திமிசு போட்டால் அது அமுங்கும். ஆகவே நான்கில் ஒரு பங்கேனும் கூட்டி வாங்க வேண்டும். 16 யூனிட் குழிக்கு 20 யூனிட் வேண்டும்.

'எதற்கும் இன்னும் ஓரடி போடுங்கள்' என்று கைவீசிச் சொல்லும் முன்னும், 'ஓரடி குறைத்துக்கொள்ளலாமே' என்று பேரம் பேசும் முன்னும் இக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். மண் சோதனைக்கு ஆகும் தொகை பெரும்பாலும் சில லாரி மண்ணின் விலைக்குள் அடங்கிவிடும்.

இறுக்காத மண் மாற்றாத மண்ணே

ஆழமும் சரி, மண்ணும் சரி. ஆனால் நிரப்பிய முறை தவறினால் எல்லாம் வீண். ஐந்தடிக் குழியில் லாரியைப் பின்னோக்கி நிறுத்தி ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மேலே மட்டும் திமிசு போடுவதை எங்கும் காணலாம். திமிசின் அடி ஓரடிக்குக் கீழே சரிவர எட்டுவதில்லை. அடியில் தளர்ந்து கிடப்பது பின்னர் வீட்டின் சுமையில் தானே அமுங்கும். அப்போது, நாம் காசு கொடுத்து வாங்கிய மண்ணே 'கொட்டிய மண்' ஆகிவிடுகிறது!

அரையடி அரையடியாகப் பரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் தக்க ஈரத்தில் இறுக்க வேண்டும். தக்க ஈரம் எது? ஒரு பிடி சரளை மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். கையில் நீர் ஒட்டி வழியக்கூடாது. காய்ந்த மண் இறுகாது. சேறான மண்ணும் இறுகாது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஈரத்தில்தான் மண் மிக நன்றாக இறுகுகிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் சோதனைகளால் விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே அச்சோதனை வழங்குகிறது. இரண்டடியை ஒழுங்காக இறுக்கியவரின் வீடு, நான்கடியை அள்ளிக் கொட்டியவரின் வீட்டைவிட உறுதியாக நிற்கும்.

குழியில் இறங்கி வேலை செய்வோரின் உயிரையும் மறத்தலாகாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். அல்லது பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்த களிமண் சுவர் எச்சரிக்கை தராமல் சரியும். நம் வீட்டின் அடியில் ஒரு தொழிலாளியின் துயரம் புதைந்திருக்கலாகாது. பக்கத்து வீட்டுச் சுவரையொட்டித் தோண்டும்போதும் இதே கவனம் வேண்டும். அவர்களுடைய அஸ்திவாரத்தின் மட்டத்துக்குக் கீழே பொறியாளரைக் கேளாமல் இறங்கலாகாது.

சாய்ந்த கோபுரம் கற்பிக்கும் பாடம்

இத்தாலியின் பைசா நகரப் பேராலயத்தின் மணிக்கோபுரத்தைப் படத்தில் பார்க்காதவர் இரார். 1173-இல் தொடங்கிய அக்கட்டடத்தின் எடை ஏறத்தாழ 14,500 டன். அடியிலுள்ள மென்மண்ணில் அது இறங்கியது மட்டும் பெருங்கேடாகவில்லை. தென்புறம் அதிகமாகவும் வடபுறம் குறைவாகவும் இறங்கியதே கேடாயிற்று. 1990-இல் கோபுரம் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. பல வழிகளை ஆராய்ந்த அறிஞர் குழு இறுதியில் செய்தது வியப்புக்குரியது. புதிய மண் எதையும் சேர்க்கவில்லை. 1999 முதல் 2001 வரை, உயர்ந்திருந்த வடபுறத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்தனர். மொத்தம் எடுத்தது ஏறத்தாழ 38 கன மீட்டர். நம் கணக்கில் பதின்மூன்றரை யூனிட்கூட இல்லை. கோபுரம் ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

ஒரு சிறு வீட்டின் வானத்துக்கு மாற்றும் மண்ணைவிடக் குறைவான மண், 14,500 டன் கோபுரத்தைத் திருப்பிவிட்டது! மண்ணின் அளவை விட அது இருக்கும் இடமும், இரு பக்கமும் ஒத்திருப்பதும் எத்துணை முக்கியம் என்பது இதனால் விளங்கும். வீடு முழுவதும் ஒரே சீராக அரை அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் சுவர் பேசத் தொடங்கும். எனவே, பாதி வீட்டைக் கெட்டி மண்ணிலும் பாதி வீட்டை நிரப்பிய மண்ணிலும் நிறுத்தலாகாது. ஒரு மூலையில் பழைய குட்டை இருந்தால், அங்கே மட்டும் நிரப்பிச் சமாளிப்பதைவிட, எல்லாச் சுவர்களும் ஒரே தன்மையுள்ள அடித்தளத்தில் அமரும்படி செய்ய வேண்டும். பின்னால் இணைக்கும் சமையலறையும் குளியலறையும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

நீரைத் தள்ளி வையுங்கள்

மண்ணை மாற்றியதோடு கடமை முடிவதில்லை. ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் வாழ்வோரின் பொறுப்பு. வீட்டைச் சுற்றி மூன்று நான்கடி அகலத்துக்கு வெளிச்சரிவாகச் சிமெண்டுத் தளம் போட்டால், மழைநீர் சுவரடியில் இறங்காது. மாடி நீர்க்குழாய் அஸ்திவாரத்தின் மீதே கொட்டும்படி விடலாகாது. குளியலறைக் கசிவும் கழிவுநீர்த் தொட்டிக் கசிவும் சத்தமில்லாமல் ஒரு மூலையை நனைத்துக்கொண்டே இருக்கும். களிமண் நிலத்தில் பெருமரங்கள் வேரால் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும். ஆதலால் மரத்தின் உயரமளவுக்கேனும் தள்ளி வீட்டை அமைப்பது நலம். நெடுநாள் நின்ற மரத்தை வெட்டியவுடன் அங்கே கட்டுவதும் தவறு. உறிஞ்சுவார் இல்லாததால் அம்மண் மீண்டும் ஈரமேறி உப்பும்.

வீடு கட்டும் குடும்பங்கள் பொறியாளரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டு வானம் தோண்டத் தொடங்கட்டும். இங்குள்ள மண் இறங்கும் மண்ணா, உப்பும் மண்ணா? அந்தக் கெட்ட மண் எத்தனை அடியோடு முடிகிறது? மாற்றுவதாயின் ஆழம் மட்டுமன்றி அகலம் எவ்வளவு? நிரப்பும் மண் எது, அதை எத்தனை அடுக்காக இறுக்குவீர்கள்? மாற்றாமலே செய்யும் வழி உண்டா, அதன் செலவு என்ன? இவற்றுக்கு விடை சொல்லாமல் 'மூன்றடி போதும்' என்பவரையும் 'ஐந்தடி வேண்டும்' என்பவரையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

தரைக்குப் பளிங்கா, ஓடா என்று கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்து பல நாள் பேசுகிறோம். விருந்தினர் கண்ணில் படுவது அது. யார் கண்ணிலும் படாத அடிமண்ணுக்காகவும் ஒரு மாலைப் பொழுது அனைவரும் கூடிப் பேசுவோமாயின், அந்தப் பளிங்கு நெடுநாள் வெடிக்காமல் இருக்கும்.